"சைக்கிள் ஓட்டியே பிழைக்க முடியுமா சார்?" – மண்டபத்துப் பையனுக்கு என்ன பதில் சொல்வது

உச்சிப்புளி வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். உச்சிப்புளிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். 2009இல் இருந்து ரோடு சைக்கிள் பந்தயம் விடாமல் பார்க்கிறவன். விடிகாலையில் மண்டபம் போய்த் திரும்பிவிட்டுத்தான் பள்ளிக்குப் போவேன். இன்று எனக்காகக் கேட்க வரவில்லை.

என் வகுப்பில் பிளஸ் ஒன் பையன் ஒருவன். மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டியில் 17 வயதுக்கு உட்பட்டோர் 20 கிலோமீட்டரில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தான். ஓட்டியது அவன் அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள். கியர் கிடையாது, ஹேண்டில்பாரில் உப்புக்காற்றுத் துரு, இடது பெடலில் ரப்பர் இல்லாமல் வெறும் கம்பி. ஐயாயிரம் ரூபாய் பரிசு. மறுநாள் மணி அடித்து எல்லோரும் போனபின் மேசைப் பக்கம் வந்து நின்றான். "சார், சைக்கிள் ஓட்டியே பிழைக்க முடியுமா?"

முடியும் என்று சொல்ல வாய் வந்தது, முடியாது என்றும் வந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் அவனுக்குச் சொன்னது மார்க் கேவெண்டிஷின் கதை. இங்கேயும் எழுதுகிறேன். சரியாகத்தான் சொன்னேனா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேவெண்டிஷ் தீவுக்காரர். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் கிடக்கிற ஐல் ஆஃப் மேன், அங்கே 1985இல் பிறந்தார். பள்ளி முடித்ததும் சைக்கிளுக்குக் காசு சேர்க்க இரண்டு வருஷம் வங்கியில் வேலை பார்த்தார். மலை ஏறச் சொன்னால் பின்தங்கிவிடுவார். ஆனால் பந்தயத்தின் கடைசி 200 மீட்டரில் மூக்கு முன் சக்கரத்தில் இடித்துவிடுமோ என்கிற அளவுக்குத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பாய்வார், பக்கத்தில் ஆள் நிற்காது. டூர் டி பிரான்ஸ் என்பது 21 நாள் பந்தயம், ஒவ்வொரு நாள் ஓட்டத்தையும் ஒரு ஸ்டேஜ் என்பார்கள். 2008இல் நான்கு ஸ்டேஜ், 2009இல் ஆறு, அடுத்த இரண்டு வருஷமும் ஐந்து ஐந்து. 2011இல் உலக சாம்பியன்.

அப்புறம் விழுந்தார். 2017இல் எப்ஸ்டீன்-பார் வைரஸ். அதே வருஷம் டூரில் மோதி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. 2018 டூரில் ஒரு மலை ஸ்டேஜில் நேர வரம்பைத் தாண்டி வந்ததால் வீட்டுக்கு அனுப்பினார்கள். மனச்சோர்வு நோய் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்ததும் அந்த வருஷம்தான். 2019, 2020 இரண்டு டூருக்கும் அணியில் எடுக்கவில்லை. 2020 அக்டோபரில் பெல்ஜியத்தில் ஒரு பந்தயம் முடிந்து, இதுவே கடைசியாக இருக்கலாம் என்று கேமரா முன்னால் அழுதார். அடுத்த வருஷம் பழைய அணி ஒன்று குறைந்த சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. டூருக்குப் போக வேண்டிய வேகக்காரருக்கு முட்டியில் அடி, கடைசி நேரத்தில் இவரைக் கூப்பிட்டார்கள். நான்கு ஸ்டேஜ் ஜெயித்தார், மொத்தம் 34. பெல்ஜியத்தின் பழைய ஜாம்பவான் எடி மெர்க்ஸின் சாதனைக்குச் சமம்.

2024 டூரின் முதல் நாள், ஃப்ளோரன்ஸிலிருந்து ரிமினி, 206 கிலோமீட்டர், வெக்கை. கேவெண்டிஷுக்கு 39 வயது. ஓடிக்கொண்டே சைக்கிள் மேல் வாந்தி எடுத்தார். முதல் ஏற்றங்களிலேயே கூட்டம் அவரை விட்டுப் போய்விட்டது. அவருடைய அணிக்காரர்கள் முன்னால் போகவில்லை. அவரைச் சுற்றி ஓட்டி, தண்ணீர் ஊற்றி, நேர வரம்புக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான்கு நாள் கழித்து ஜூலை 3, சென்-வுல்பாவில் தன் 35வது ஸ்டேஜை ஜெயித்தார்.

பையனிடம் ரிமினியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த அணிக்காரங்களுக்குச் சம்பளம் உண்டா சார்?" என்றான். உண்டு என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.


கீழக்கரை காக்கா | ஞாயிறு, இரவு 10.25

வாத்தியார் தம்பி, அஸ்ஸலாமு அலைக்கும். துபாயில் இருபது வருஷம் இருந்துவிட்டு ஊர் வந்தவன் நான். அங்கே 2019இல் இருந்து யுஏஇ டூர் நடக்கிறது, பிப்ரவரி மாதம். உலகத்தின் பெரிய அணிகள் எல்லாம் வரும். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா தொழுதுவிட்டு ரோட்டோரம் போய் நிற்போம்.

ஒரு தடவை பாலைவனக் காற்று பக்கவாட்டில் மணலை வாரி அடிக்கிறது. நூற்றுக்கும் மேலே ஆட்கள் ஒரே கூட்டமாக வருவார்கள் என்று பார்த்தால், நான்கு துண்டாக வந்தார்கள். ஒவ்வொரு துண்டும் ரோட்டுக்குக் குறுக்கே சாய்கோடு போட்டமாதிரி, கொக்குக் கூட்டம் பறக்குமே அப்படி. கடைசித் துண்டில் வந்தவர்கள் முகத்தில் ரத்தமே இல்லை. அதில் ஒருவர் எறிந்த தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் வீட்டில் இருக்கிறது. மெத்தென்ற பிளாஸ்டிக், ஒரு கையால் அமுக்கினால் போதும். வாய்ப்பகுதியில் பல் தடம். அந்தப் பாட்டில் அவர் குடித்ததா, அணியில் வேறு யாருக்கோ கொண்டுபோனதா என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். சொன்னார்கள், ஒரே ஆள் ஏழெட்டுப் பாட்டிலைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு காரிலிருந்து அணிக்குக் கொண்டுபோவாராம்.

பையனுக்கு சைக்கிள் பிரச்சினை என்றால் சொல்லுங்கள். என்னிடம் அலுமினிய ரோடு பைக் ஒன்று மாடியில் சும்மா நிற்கிறது. துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்தேன், முட்டி வலி வந்தபின் தொடவில்லை.


பாம்பன் படகுக்காரர் | திங்கள், காலை 4.50

எல்லோரும் தூங்குகிற நேரத்தில் எழுதுகிறேன், படகு இன்றைக்குக் கிளம்பவில்லை. எனக்கு சைக்கிள் பந்தயம் தெரியாது. காற்று தெரியும்.

வைகாசி பிடித்து ஆவணி வரை இங்கே கச்சான். மேற்கும் தென்மேற்குமாக அடிக்கும், தென்கடல் கொந்தளிக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை, அப்போது வடகடல் புரளும். இடையில் காற்று ஓய்ந்து திசை மாறுகிற பதினைந்து இருபது நாள் இருக்கிறதே, அதுதான் யாரையும் ஏமாற்றுகிற காலம். கடலில் முதலில் கற்றுக்கொள்வது காற்றுக்கு எந்தப் பக்கம் உடம்பை வைப்பது என்று. காக்கா சொன்ன சாய்கோடு எனக்குப் புரிகிறது. வல்லத்தில் பாய் விரித்துப் போன எங்கள் தாத்தா காலத்து ஆட்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

ஆனால் வாத்தியாரே, பையன் கேட்டது பிழைப்பு. அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.


உச்சிப்புளி வாத்தியார் | திங்கள், மாலை 5.30

அண்ணே, பிழைப்புக்கு வருகிறேன். அதற்கு என்னைவிடத் தெரிந்தவர் ஒருவர் இங்கே இருக்கிறார், அவரை எழுதச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் காற்றைப் பற்றிக் கொஞ்சம்.

சமதரையில் மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் போகிறவன் செலவழிக்கிற பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போகிறது. முன்னால் ஒருவன் இருந்தால் பின்னால் போகிறவனுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பலம் மிச்சம். காற்று நேர் எதிரே வந்தால் ஒருவன் முதுகுக்குப் பின் ஒருவன் நேர்வரிசை. பக்கத்திலிருந்து வந்தால் மறைவும் பக்கத்துக்குச் சாய்ந்துவிடும், அதனால் வரிசையும் சாயும். இதற்கு எஷலான் என்று பெயர். ரோட்டின் அகலம் எத்தனை பேருக்கு இடம் தருகிறதோ அத்தனை பேருக்குத்தான் மறைவு. அடுத்தவன் ரோட்டு ஓரத்தில் தனியாகக் காற்று வாங்குவான். கொஞ்ச நேரத்தில் அவனுக்கு முன்னால் ஒரு இடைவெளி விழும். அவ்வளவுதான், அன்றைய பந்தயம் அவனுக்கு முடிந்தது.

2013 டூரில் சென்-அமான்-மொன்ரோன் போகிற ஸ்டேஜ் மலையே இல்லாத ரோடு. காற்று அடித்தது. ஒரு அணி முடுக்கிவிட்டது, கூட்டம் உடைந்தது. கடைசி முப்பது கிலோமீட்டரில் இன்னொரு அணி மறுபடி உடைத்தது. மொத்தத்தில் முதலிடத்தில் இருப்பவர் போடுகிற மஞ்சள் சட்டையிலிருந்த கிறிஸ் ஃப்ரூம் அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டு ஒரு நிமிடத்துக்கும் மேல் இழந்தார். முன் துண்டில் இருந்த கேவெண்டிஷ் ஜெயித்தார். தீவில் வளர்ந்தவருக்குக் காற்று வரப்போவது முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

நம்மிடம் இதற்கு ஒரு ரோடு இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை, தென்கிழக்காக நூல் பிடித்தமாதிரி. வலப்பக்கம் ஆண் கடல் (மன்னார் வளைகுடா), இடப்பக்கம் பெண் கடல் (பாக் நீரிணை). கச்சான் வலது விலாவில் அறையும், வாடை இடது விலாவில். மறைக்க ஒரு பனை கிடையாது. 1964 புயலுக்குப் பின் அந்தக் கடைசிப் பகுதிக்கு ஒழுங்கான சாலையே இல்லாமல் இருந்து 2017இல்தான் தார் ரோடு வந்தது. ஐரோப்பாவில் எஷலான் பழக ஆட்கள் தேடிப் போகிற மாதிரி ஒரு ரோடு நம் வீட்டு வாசலில் கிடக்கிறது. சுற்றுலா வண்டிகள் வருகிற நேரத்தில் மட்டும் அங்கே சாய்கோடு போடாதீர்கள், உயிர் போய்விடும்.

பாம்பன் பாலத்திலும் ஒரு எச்சரிக்கை. இரும்பு இணைப்புகள் மேல் ஏறும்போது கை ஹேண்டில்பாரிலேயே இருக்கட்டும். 2019 ஜூனில் ஃப்ரூம் பாதையைப் பார்த்துவிட்டு வர ஓட்டினார், பந்தயம்கூட இல்லை. மூக்கைத் துடைக்க ஒரு கையை எடுத்தபோது காற்று தூக்கி மதிலில் அடித்தது. தொடை எலும்பு, முழங்கை, விலா எலும்புகள் முறிந்தன. நான்கு டூர் ஜெயித்தவர், அதற்கப்புறம் ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை.


பழைய பெடல் | திங்கள், இரவு 11.10

வாத்தியார் கூப்பிட்டதால் வந்தேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் சேர்ந்து சைக்கிள் ஓட்டியவன். தேசியப் போட்டிகள் பல ஓடினேன், மெடல் எடுத்ததில்லை. என் வேலை வேறு. எங்கள் அணியின் வேகக்காரனைக் கடைசி இரண்டு கிலோமீட்டர் வரை காற்றுப் படாமல் கொண்டுபோய் விடுவது.

இதற்கு டொமெஸ்டீக் என்று பெயர். பிரெஞ்சில் வீட்டு வேலையாள் என்று பொருள். பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள், ரோடு பந்தயம் ஓடுவதே அந்த ஆட்களால்தான். டூரில் இப்போது ஒரு அணிக்கு எட்டுப் பேர். ஜெயிக்க வைக்கப்படுகிறவர் ஒருவர், இருவர். மற்றவர்களுடைய வாழ்க்கை முழுக்கத் தண்ணீர் கொண்டுவருவது, தலைவனுக்குப் பஞ்சர் ஆனால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பது, ஓடிப்போனவனைத் துரத்திப் பிடிப்பது, காற்றில் நிற்பது. பையன் "அந்த அணிக்காரங்களுக்குச் சம்பளம் உண்டா" என்று கேட்டானே, அவன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறான். இந்தத் தொழிலில் பிழைப்பு என்பது அநேகமாக அந்தச் சம்பளம்தான்.

கேவெண்டிஷ் 2011இல் கோபன்ஹேகனில் உலக சாம்பியன் ஆனார் என்று வாத்தியார் ஒரு வரியில் தாண்டிவிட்டார். அன்றைக்கு பிரிட்டன் அணியில் எட்டுப் பேர். மற்ற ஏழு பேரும் நாள் முழுக்க முன்னால் நின்று காற்றைத் தின்றார்கள், வேறு எந்த நாட்டுக்காரனையும் தப்பவிடவில்லை. அந்த ஏழில் பிராட்லி விக்கின்ஸ், ஃப்ரூம், கெரைன்ட் தாமஸ் உண்டு. மூன்று பேரும் பின்னாளில் டூர் டி பிரான்ஸையே ஜெயித்தவர்கள். 2012 டூரின் கடைசி நாள், பாரிஸ். விக்கின்ஸ் மஞ்சள் சட்டையோடு, டூரை ஜெயித்த ஆளாக, கேவெண்டிஷுக்காக முன்னால் வந்து இழுத்தார். நான் அதைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரிடமும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று. 2021இல் கேவெண்டிஷ் நான்கு ஸ்டேஜ் ஜெயித்த டூரில் அவர் அணியில் டிம் டெக்லெர்க் என்று ஒரு பெல்ஜியக்காரர். டிராக்டர் என்று பட்டப்பெயர். தப்பி ஓடுகிறவர்களைப் பிடிக்க மணிக்கணக்கில் கூட்டத்தின் தலையில் தனியாக நின்று இழுப்பார், கேமரா அவர் முகத்தையே காட்டிக்கொண்டிருக்கும். மூன்று வாரம் முடிந்து மொத்தத் தரவரிசை வந்தபோது டெக்லெர்க் கடைசி. கடைசி ஆளுக்கு லாந்தேர்ன் ரூஜ் என்று பெயர், சிவப்பு விளக்கு. ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்குமே, அது. ஸ்டேஷன்காரர்களுக்கு அந்த விளக்கு தெரிந்தால்தான் வண்டி முழுசாக வந்துவிட்டது என்று அர்த்தம். ரயில்வேக்காரனாக எனக்கு அந்தப் பெயர் மேல் பெரிய மரியாதை.

சரி, நடைமுறை. இந்தியாவிலிருந்து இதுவரை ஒருவரும் டூர் ஓடியதில்லை. உலக மட்டத்தில் முதல் வரிசை அணிகள் 18, அதற்குள் போகிற வாசல் ஜூனியர், 23 வயதுக்கு உட்பட்டோர் பந்தயங்கள். அவை நடப்பது பெரும்பாலும் ஐரோப்பாவில். இங்கே ஓட்டுகிற பெரும்பாலானவர்களுக்கு நிஜமான வழி ரயில்வே, ராணுவம் போன்ற துறைகளின் விளையாட்டு ஒதுக்கீடு. டெல்லி இந்திரா காந்தி அரங்கத்தில் வெலோட்ரோம், அதாவது சைக்கிள் பந்தயத்துக்கென்றே கட்டிய சுற்றுப்பாதை, இருக்கிறது, தேர்வாகிறவர்களுக்கு அங்கே பயிற்சி. நம் மாநிலத்தில் சென்னைக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையூரில் வெலோட்ரோம் உண்டு. பையன் முதலில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் போகட்டும், மாநிலத் தேர்வுப் போட்டி எப்போது என்று கேட்கட்டும்.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் எங்களைப் போட்டிக்கு அனுப்பியவர்கள் சைக்கிள்களுக்கு ஏற்பாடே செய்யவில்லை. ரயில் கழிவறைப் பக்கம் போர்வையில் சுற்றி வைத்து, இரண்டு ராத்திரி மாறி மாறிக் காவல் இருந்தோம். காலையில் பிரித்தால் கியர் மாற்றுகிற பின் டிரெய்லியர் வளைந்து கிடந்தது. ஒரே ஒரு கியரில் 100 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டி முடித்தேன். பையன் இந்த வழியில் வந்தால் இதெல்லாம் வரும். தெரிந்து வரட்டும்.


ஈசிஆர் இரவுப்பறவை | செவ்வாய், அதிகாலை 1.05

பெடல் அண்ணே, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

வாத்தியார் சாருக்கு ஒரு கூட்டல். 34இலும் 35இலும் நின்றுவிட்டீர்கள், இடையில் 2023 இருக்கிறது. அதுதான் கடைசி டூர் என்று அறிவித்துவிட்டு வந்தார். எட்டாவது ஸ்டேஜில் விழுந்து காறை எலும்பு முறிந்து விலகினார். அதனால்தான் ஓய்வை ஒரு வருஷம் தள்ளிப்போட்டார். கடைசியாக 2024 நவம்பரில் சிங்கப்பூரில் ஓடி, அதையும் ஜெயித்துவிட்டு நிறுத்தினார்.

பையனுக்கு ஐரோப்பியர் கதை மட்டும் சொன்னால் அது வேறு உலகம் என்று நினைத்துவிடுவான். பினியம் கிர்மாயைச் சொல்லுங்கள். எரித்திரியா நாட்டுக்காரர், 2000இல் அஸ்மாராவில் பிறந்தார். சுவிட்சர்லாந்தில் ஏகிள் என்ற ஊரில் உலக சைக்கிள் சங்கத்தின் பயிற்சி மையம் இருக்கிறது, சைக்கிள் வசதி இல்லாத நாடுகளின் பிள்ளைகளைக் கூட்டிவந்து பழக்குகிற இடம், அங்கே பழகியவர். 2022இல் பெல்ஜியத்தின் கெண்ட்-வெவெல்கெம் பந்தயத்தை ஜெயித்தார். 2024 டூரில் மூன்று ஸ்டேஜ், புள்ளிகளில் முதலிடத்துக்கான பச்சைச் சட்டை. டூரில் ஸ்டேஜ் ஜெயித்த முதல் கறுப்பு ஆப்பிரிக்கர் அவர்தான். கேவெண்டிஷ் 35 எடுத்த அதே டூர்.


தொண்டி நர்ஸ் | செவ்வாய், மதியம் 2.20

பையன் பையன் என்றே போகிறது. அண்ணா பிறந்தநாள் போட்டியில் பெண் பிள்ளைகளும் ஓடுகிறார்கள், 17 வயதுக்குள் 15 கிலோமீட்டர். ஒன்பதாவதில் நானும் ஓடியிருக்கிறேன். இப்போது டியூட்டி இல்லாத நாளில் தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை ஈசிஆரில் போய் வருகிறேன். முதலில் ஆட்கள் ஒருமாதிரி பார்த்தார்கள். இப்போது டீக்கடை அண்ணன் நான் வருகிற நேரம் பார்த்து மோர் எடுத்து வைக்கிறார்.

கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நம் நாட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள். டெபோரா ஹெரால்ட், கார் நிக்கோபார் தீவு. 2004 சுனாமியில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் உயிர் தப்பிய சிறுமி, அப்போது ஒன்பது வயது. பின்னால் டிராக் சைக்கிளில் இந்தியாவுக்காக ஓடி, 500 மீட்டரில் உலகத் தரவரிசையில் நான்காம் இடம் வரை போனாள். அதே அந்தமான் நிக்கோபார் பக்கத்து ஈசோ ஆல்பன் 2018இல் ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் என்ற டிராக் பந்தயத்தில் வெள்ளி. ரோடு இல்லை, டிராக்தான். ஆனால் இரண்டு பேரும் கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், இது என் துறை. பெரிய பந்தயத்தில் மணிக்கு 90 கிராம், இப்போது 120 கிராம் வரை மாவுச்சத்து ஏற்றுகிறார்கள். கடையில் விற்கிற ஜெல் பாக்கெட்டைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஐரோப்பிய அணிகளின் உதவியாளர்கள் காலையில் எழுந்து செய்வது என்ன தெரியுமா? சோறு. அரிசியைக் குழைய வேகவைத்து, சர்க்கரையும் பாலாடைக்கட்டியும் பிசைந்து, தட்டில் அமுக்கித் துண்டு போட்டு, அலுமினியத் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் கொடுப்பார்கள். நம் கட்டுச்சோறுதான். பையனுக்குக் கருப்பட்டி போட்டுப் பிசைந்த சோற்று உருண்டை போதும். விடிகாலையில் நீராகாரம் உப்புப் போட்டு. நம் ஊர் வெக்கையில் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே ஓட்டினால் தலை சுற்றும், உப்பு அவசியம்.

யார் எந்தப் பவுடர் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. ஊக்கமருந்துக்காக லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களை 2012இல் பிடுங்கினார்கள், எல்லோருக்கும் தெரியும். ஊரில் நடப்பது அவ்வளவு பெரியது இல்லை. ஜிம்மில் ஒரு அண்ணன் "தம்பி, இதைப் போடு" என்பான், பதினேழு வயசு, போட்டுவிடுவான். நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.


பாம்பன் படகுக்காரர் | புதன், இரவு 8.00

அந்தப் பையன் அப்பாவை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஊர்ப் பெயர் சொல்லாவிட்டாலும் தெரியும். நல்ல உழைப்பாளி. அவரிடம் யாராவது பேசினீர்களா?


உச்சிப்புளி வாத்தியார் | வியாழன், இரவு 9.15

நேற்றுப் போய் வந்தேன் அண்ணே. வீட்டு வாசலில் வலை பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் கண்ணி கண்ணியாகத் தள்ளி, அறுந்த இடம் வந்ததும் ஊசியால் கோத்து முடிச்சுப் போட்டு, அடுத்தது. ஒரு தடவைகூடத் தலை நிமிராமல் என்னிடம் பேசினார்.

"சார், இதுல எத்தனை வயசு வரைக்கும் ஓட்டலாம்?" நன்றாக இருந்தால் முப்பத்தைந்து என்றேன். "விழுந்தா?" விழுவார்கள், எலும்பு முறியும் என்றேன். "படிப்பு?" விடக்கூடாது, விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் படிப்பு வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "கடல்ல அவன் வர வேணாம்னுதான் நானும் பார்க்கிறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பையன் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான், கால் மட்டும் தெரிந்தது.

பிழைக்க முடியுமா என்ற கேள்விக்கு என் பதில் இப்போது இது. டூர் டி பிரான்ஸ் வரை போவது என்று நினைத்துத் தொடங்காதே. பன்னிரண்டாவது முடிப்பதற்குள் மாநிலப் போட்டி, அங்கிருந்து தேசியப் போட்டி. அதில் உன்னை யாராவது அணிக்கு எடுத்தால் நீ ஜெயிக்கிறவன் என்று எடுக்க மாட்டார்கள், உபயோகமானவன் என்று எடுப்பார்கள். அதனால் தனியாக ஓட்டுவதை நிறுத்து, கூட்டத்தில் ஓட்டப் பழகு. இதைத்தான் அவனிடம் சொன்னேன்.

காக்கா, உங்கள் சைக்கிளை வாங்கிக்கொள்கிறேன். ஞாயிறு ஓட்டத்துக்கு வருகிறவர்கள் சொல்லுங்கள்.


உச்சிப்புளி வாத்தியார் | ஞாயிறு, மதியம் 12.30

காலை ஓட்டம் முடிந்தது, எழுதிவிடுகிறேன்.

சனி மாலை காக்கா வீட்டு மாடியில் சைக்கிளை இறக்கினோம். சீட்டுத் தண்டு சட்டத்தோடு பிடித்துப்போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து, பெடல் அண்ணன் சீட்டைப் பிடித்துத் திருக, நான் சட்டத்தைக் கட்டிக்கொள்ள, கடைசியில் கிரீச்சென்று அசைந்தது. செயினைக் கழற்றி டப்பாவில் போட்டு அலசினால் துபாய் மணல் அடியில் தங்கியது. காக்கா அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

நான்கு பேர். நான், பெடல் அண்ணன், தொண்டியிலிருந்து பஸ் கேரியரில் சைக்கிளைப் போட்டு முந்தின நாளே வந்த நர்ஸ் தங்கச்சி, பையன். 5.15க்கு உச்சிப்புளி. போகும்போது கச்சான் வலது பின்பக்கம், சுகமாகத் தள்ளியது. பையன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முன்னால் வரும் முறை வந்ததும் முப்பத்தாறு, முப்பத்தெட்டு என்று முடுக்கி எங்களைக் கழற்றிவிட்டு மண்டபத்தில் போய் நின்றான். பெடல் அண்ணன் திட்டவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, "நீ முன்னால வந்ததும் வேகத்தை ஏத்தாதே. எனக்கு என்ன வேகமோ அதே வேகம். களைச்சா முழங்கையை இப்படி அசை, நான் வந்து எடுத்துக்கிறேன்" என்று காட்டிக்கொடுத்தார். பாலத்தில் போய்த் திரும்புவதற்குள் இரண்டு தடவை முழங்கை அசைத்தான். மூன்றாவது தடவை அவனாகவே வேகத்தைப் பிடித்து வைத்தான். எனக்கு மீட்டரில் 29 அசையாமல் நின்றது.

திரும்பும்போதுதான் காற்று காட்டியது, இடது முன்பக்கம். மண்டபம் தாண்டி உடைமரம் இல்லாத வெட்டவெளியில் பெடல் அண்ணனுக்குக் கால் பிடித்துக்கொண்டது. பத்து மீட்டர், இருபது மீட்டர் என்று பின்தங்கினார். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டு கவனிக்கவில்லை. பையன் திரும்பிப் பார்த்தான். மிதிப்பதை நிறுத்தி, அவர் வரும்வரை உருட்டிக்கொண்டே இருந்து, அவர் பக்கத்தில் வந்ததும் காற்று வருகிற இடது பக்கம் அரை சக்கரம் முன்னால் ஒட்டிக்கொண்டான். அப்படியே உச்சிப்புளி வரை. யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

உச்சிப்புளி டீக்கடையில் அவன் அப்பா மொபெட்டோடு நின்றிருந்தார். படகு இல்லாத நாள். நாங்கள் இரண்டு பேர் வந்து நின்று வெகுநேரம் கழித்து இவன் வந்தான்.

"ஏண்டா, முதல்ல வருவேன்னு சொன்ன?"

"அவருக்குக் காத்து மறைச்சிட்டு வந்தேன்ப்பா."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து டீ சொன்னார், காசு எங்களைக் கொடுக்க விடவில்லை. கிளம்பும்போது, "வர்ற ஞாயிறு நானும் வண்டில பின்னால வர்றேன் சார். இவங்க பின்னாடி லாரி வருதான்னு பார்க்க ஒரு ஆள் வேணும்ல" என்றார்.

அடுத்த ஞாயிறும் 5.15, உச்சிப்புளி ரயில் நிலையம் முன்னால். அந்த நேரம் இருட்டாகத்தான் இருக்கும். வருகிறவர்கள் சிவப்புப் பின்விளக்கு கட்டாயம் கொண்டு வாருங்கள்.